கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகையை நம்பலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி தம் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 58. நெடுநாளாக இனிப்புநீர், அதோடு இரத்தக் கொதிப்பும் உண்டு. கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் லிட்டருக்கு 5.1 மில்லிமோல் என்று வந்தது. சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் மாத்திரையை இரவில் எடுத்துவந்த மூன்று மாதத்தில் அது 3.2-க்கு இறங்கியது. பிறகு கால் தசை வலிக்கிறது என்பதாலும், இந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியாலும், மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டார். இப்போது விடியற்காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர், பசியாறுவதற்கு முன்பு பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய சாறு, இரவில் தெரிந்தவர் ஒருவர் விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை என்று போகிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது 4.8. "குறையத் தொடங்கிவிட்டது, கொஞ்சம் பொறு என்கிறார் அப்பா. பொறுக்கலாமா, அல்லது இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுக்க வேண்டாம். சேர்த்தும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக அந்தச் சிவப்பு அரிசி மாத்திரையையும் சிம்வாஸ்டாட்டினையும் ஒரே காலத்தில் எடுக்கவே கூடாது. வெந்தயத்தை விடச் சொல்ல மாட்டேன், ஆனால் எடுக்கும் முறையை மாற்றச் சொல்வேன். காரணங்களை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா காரணம் கேட்பார், கேட்பதும் நியாயம். நான் பினாங்கில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். நாட்டு மருந்தைத் தாழ்த்திப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு பொருள் கொழுப்பை எவ்வளவு குறைக்கிறது, இந்த மனிதருக்கு எவ்வளவு குறைய வேண்டியிருக்கிறது என்ற இரண்டு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேரா வேதிப்பொருளா என்ற சண்டைக்கே இடமிருக்காது.

முதலில் அந்த மூன்று எண்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டுச் செய்திகளில் 190, 200 என்று படித்துக் குழம்புகிறவர்கள் நம் நாட்டு எண்ணை 39 ஆல் பெருக்கிக்கொண்டால் ஏறத்தாழ அந்தக் கணக்கு வந்துவிடும், 5.1 என்பது அங்கே ஏறக்குறைய 200. மாத்திரையில் 5.1 என்பது 3.2 ஆனது, அதாவது 37 விழுக்காடு குறைந்தது. சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமிடம் எதிர்பார்க்கக்கூடிய குறைவு அதுதான். மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. மூலிகையில் 5.1 என்பது 4.8 ஆனது, அது 6 விழுக்காடு. ஒரே மனிதருக்கு வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுத்தால், எதையும் மாற்றாமல் இருந்தாலும் இந்த அளவு ஏற்ற இறக்கம் வரும். எனவே அப்பா சொல்வதுபோல் "குறையத் தொடங்கியது" என்பதற்கு இந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை. 3.2-இல் நின்றிருந்த எண் 4.8-க்கு ஏறிவிட்டது என்பதே அது சொல்லும் செய்தி.

அப்பாவின் வயதிலும் நிலையிலும் உள்ளவருக்கு இது ஏன் அவசரம் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். இனிப்புநீரும் கொதிப்பும் உள்ள ஒருவரை மலேசிய மருத்துவ வழிகாட்டுதல்கள் மாரடைப்பு ஆபத்து மிகுந்தவராகவே வகைப்படுத்துகின்றன. அத்தகையவருக்கு எல்டிஎல் 1.8-க்கும் கீழே இருக்க வேண்டும் என்பதே பொதுவான இலக்கு, ஏற்கெனவே மாரடைப்போ, இருதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்டோ கண்டவருக்கு 1.4. 52 நாடுகளில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், ஏனைய நாட்டினருக்கு ஏறக்குறைய 59 வயதிலும் வருவதைக் காட்டியது. நம்மவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. எல்டிஎல் 1 மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகின்றன என்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. உங்கள் அப்பா தம் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது 1.6 மில்லிமோல்.

கொழுப்பு வலிக்காது. 2019-இல் நாடு தழுவிய சுகாதார ஆய்வில் பத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய நால்வருக்கும், 2023-இல் மூவரில் ஒருவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்து நடமாடியிருப்பார்கள். வலிக்காத நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டதால் கால் வலிக்கிறது என்று தோன்றும்போது, எவருக்கும் மாத்திரையின்மீதே கோபம் வருவது இயல்பு. அப்பாவை இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நாம் சாப்பிட்டதிலிருந்து நேரடியாக வந்ததன்று, கல்லீரல் தானே தயாரித்தது. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் அந்தத் தயாரிப்பில் ஒரு படியைத் தடுக்கின்றன. தனக்குத் தேவையான கொழுப்பு குறைந்துவிட்டதை உணர்ந்த கல்லீரல், இரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல்லைப் பிடித்திழுக்கும் ஏற்பிகளைக் கூடுதலாகத் தன் மேற்பரப்பில் முளைக்க வைக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையின் தொடக்கமோ ஒரு பூஞ்சை. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிரிகளைச் சோதித்து, 1970களின் தொடக்கத்தில், அரிசியில் வளரும் ஒருவகைப் பச்சைப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டினும் ஒரு பூஞ்சை தந்ததுதான்; உங்கள் அப்பா சாப்பிட்ட சிம்வாஸ்டாட்டின் அதிலிருந்து சிறிது மாற்றியமைக்கப்பட்டது. இயற்கையிலிருந்து வந்ததை மட்டும் நம்புவேன் என்று அப்பா உறுதியாக இருந்தால், அவர் நிறுத்திய மாத்திரைக்கும் அந்தத் தகுதி உண்டு.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விஷயத்தில் மிகுதியாக ஏமாற்றமும் மிகுதியாக ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. சீனச் சமையலில் அது பழைய பொருள். சித்தியவானிலும் சிபுவிலும் ஃபூச்சோ சீனர்கள் செய்யும் சிவப்பு மதுக் கோழி மீசுவா என்ற சேமியா உணவுக்கு நிறம் கொடுப்பது அதுதான். உணவாக எப்போதாவது சாப்பிடுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை வளரும்போது மொனாகோலின் கே என்ற பொருள் உண்டாகிறது. அது லோவாஸ்டாட்டினேதான், மூலக்கூறில் ஓர் அணுகூட வேறுபாடு இல்லை. எனவே சிவப்பு அரிசி மாத்திரை வேலை செய்தால், அது ஸ்டாட்டினாக வேலை செய்கிறது. ஸ்டாட்டினின் பக்க விளைவுகளும் அதோடு சேர்ந்தே வரும். வேலை செய்யாவிட்டால், உள்ளே அந்தப் பொருள் போதிய அளவு இல்லை என்று பொருள்.

இந்த இரண்டில் எது என்பதைப் புட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாத்திரையில் 0.1 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை மொனாகோலின் கே இருந்தது, அதாவது நூறு மடங்கு வேறுபாடு. அவற்றில் நான்கில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் ஒரு நாள் அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு விதித்தது; ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று உறையில் அச்சிடவும் கட்டாயப்படுத்தியது. 2024-இல் ஜப்பானில், கொலஸ்ட்ராலுக்கென்று விற்கப்பட்ட சிவப்பு அரிசி மாத்திரைகளில் வேறொரு பூஞ்சையின் நஞ்சு கலந்துவிட்டதால், பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று, இறப்புகளும் நேர்ந்தன. மருந்துத் தரத்தில் உலகமே மதிக்கும் ஒரு நாட்டில் இது நடந்தது.

உங்கள் அப்பாவின் எண் 4.8-இல் நிற்பதைப் பார்த்தால், இப்போதைய புட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். அதற்காக நிம்மதியடைய முடியாது, ஏனென்றால் அடுத்த புட்டியில் பத்து மில்லிகிராம் இருக்கலாம், அப்போது நீங்கள் சிம்வாஸ்டாட்டினையும் மீண்டும் தொடங்கியிருந்தால், ஒரே வகை மருந்து இரண்டு மடங்காக உடலில் சேரும். தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போய், சிறுநீரகம் செயலிழக்கும் அரிதான நிலை இப்படித்தான் உண்டாகிறது.

பூண்டுச் சாறு இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் "இருதய அடைப்பு நீங்கும்" என்ற தலைப்போடுதான் வருகிறது. பூண்டு நல்ல உணவு. ரசத்திலும் குழம்பிலும் அது இருக்கட்டும். ஆனால் எல்டிஎல்லை அது குறைக்கிறதா என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டாகவும், பொடியாகவும், பதப்படுத்திய சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த முடிவில் மூன்று வடிவத்திலும் எல்டிஎல் அசையவில்லை. 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வு உங்கள் கேள்விக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஏறக்குறைய 190 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவும், மற்றக் குழுக்களுக்கு மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் மாத்திரைகளும், ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் 28 நாள் கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாட்டின் குழுவில் எல்டிஎல் 38 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. மற்ற ஆறில் எதுவுமே வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. 28 நாள் குறுகிய காலம் என்று ஒருவர் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் உங்கள் அப்பாவும் இரண்டு மாதத்தில் அதே முடிவைத்தான் கண்டிருக்கிறார்.

அந்தச் சாற்றில் எனக்கு வேறு இரண்டு கவலைகள் உள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ, குளோபிடோக்ரெலோ, வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் பூண்டையும் இஞ்சியையும் மஞ்சளையும் மருந்து அளவில் சேர்த்துக்கொண்டால் இரத்தக் கசிவு கூடலாம். தேனோ இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரையேதான், அது எந்தப் பூவிலிருந்து வந்திருந்தாலும்.

வெந்தயத்தின் கதை வேறு, அதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். வெந்தயத்தில் தண்ணீரில் குழகுழப்பாகும் நார்ச்சத்து நிறைய இருக்கிறது. இந்த வகை நார் குடலில் பித்த நீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. இழந்த பித்தத்தை மீண்டும் செய்ய கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990களில் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வெந்தயம் கொடுத்துச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் குறைவதைக் கண்டது. ஆனால் அங்கே கொடுத்தது நாளொன்றுக்கு 25 கிராமும் அதற்கு மேலும், உணவோடு, பொடியாக. ஒரு தேக்கரண்டி வெந்தயம் நான்கு கிராம்கூடத் தேறாது. அதையும் ஊற வைத்துத் தண்ணீரை மட்டும் குடித்து விதையைக் கொட்டிவிட்டால் நார் முழுவதும் குப்பைக்குப் போய்விடுகிறது. விதையையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அளவைக் கூட்டும்போது இனிப்புநீர் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பதால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.

வெந்தயத்தின் உறவினர்களாக இன்னும் பல நம் சமையலறையிலேயே இருக்கின்றன. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்டிஎல் 5 விழுக்காட்டை ஒட்டிக் குறையும். அதற்கு முக்கால் கிண்ணத்துக்கு மேல், ஏறக்குறைய 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். இசப்கோல் உமியும் அந்த அளவே செய்யும், மருந்துகளோடு ஒரே நேரத்தில் விழுங்காமல் இருந்தால் போதும். ஒரு கிண்ணம் வெந்த பருப்போ கொண்டைக்கடலையோ தினமும் சாப்பிட்டால் இன்னொரு 5 விழுக்காடு. டொரொண்டோவில் 2003-இல் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பார்லி, வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் என்று முழு உணவையும் ஆய்வாளர்களே அளந்து கொடுத்தபோது, நான்கு வாரத்தில் எல்டிஎல் 28.6 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் லோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எடுத்த குழுவில் 30.9 விழுக்காடு. வெண்டைக்காய்ப் பொரியலை எந்த மருந்துக் கடையிலும் விற்பதில்லை என்பதால்தான் இதைப் பற்றி எவரும் விளம்பரம் செய்வதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதே குழுவினர் பிறகு மக்களைத் தாங்களே வீட்டில் சமைத்துக்கொள்ளச் சொல்லி ஆறு மாதம் பார்த்தபோது கிடைத்தது 13, 14 விழுக்காடு. 5.1-இல் தொடங்கும் ஒருவரை அது 4.4-க்குக் கொண்டுவரும். அரும்பெரும் உதவி, ஆனால் 1.8 இலக்கு உள்ளவருக்கு அது மட்டும் போதாது. இனிப்புநீர் இல்லாத, கொதிப்பு இல்லாத, 40 வயதில் எல்டிஎல் 3.6 உள்ள ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், மாத்திரையைப் பற்றிப் பேசாமல் ஆறு மாதம் உணவை மாற்றிப் பாருங்கள் என்றே எழுதியிருப்பேன்.

பினாங்கில் இருந்துகொண்டு உணவை மாற்றச் சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். நாசி கண்டாரின் கறிக் கலவையும் நெய்ச் சோறும், தேங்காய்ப் பாலில் மிதக்கும் குழம்பும் நிறைகொழுப்பு மிகுந்தவை. எல்டிஎல்லை ஏற்றுவது பெரும்பாலும் இந்த நிறைகொழுப்புதான், முட்டையில் உள்ள கொலஸ்ட்ரால் அவ்வளவாக இல்லை. நாம் வாங்கும் செம்பனை எண்ணெயிலும் ஏறத்தாழ பாதி நிறைகொழுப்பு. வீட்டுத் தாளிப்புக்குச் சூரியகாந்தி, கடுகு, கனோலா எண்ணெய்களுக்கு மாறினாலே ஓரளவு இறங்கும். கெட்டிப்பால் போட்ட தே தாரேக் எல்டிஎல்லைவிட டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பையும் சர்க்கரையையும்தான் ஏற்றுகிறது, அதனால் அப்பாவுக்கு அதுவும் ஆகாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மலாயில் பெலிம்பிங் பூலு எனப்படும் பிலிம்பிக்காய் இங்கே பல வீட்டு வாசல்களில் காய்த்துக் குலுங்குகிறது. அதன் சாறு கொழுப்பையும் கொதிப்பையும் குறைக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கேரளத்தில் அதே நம்பிக்கையில், கொலஸ்ட்ரால் குறைய வேண்டும் என்று அந்தக் காயைப் பிழிந்து அடர்த்தியான சாறாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படிந்ததே காரணம். மீன் குழம்பில் புளிப்புக்காக நான்கு காய் போடுவதும், ஒரு தம்ளர் சாற்றை வெறும் வயிற்றில் குடிப்பதும் வெவ்வேறு செயல்கள். இனிப்புநீரால் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கக்கூடிய உங்கள் அப்பா போன்றவர் இதைத் தொடவே கூடாது.

சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். குக்குலு என்ற பிசின் கொலஸ்ட்ராலுக்கு மருந்தாக இந்தியாவில் 1980களில் அனுமதி பெற்றது. ஃபிலடெல்ஃபியாவில் 103 பேருக்கு எட்டு வாரம் கொடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில் எல்டிஎல் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. மருதம்பட்டைக்கு இருதய மருந்தென்ற நெடிய மரபு உண்டு, ஆனால் ஸ்டாட்டினின் இடத்தில் வைக்கும் அளவுக்கு நல்ல ஆய்வுகள் அதற்கு இன்னும் இல்லை. உலோகம் சேர்ந்த மருந்துகளில் எனக்கு உண்மையான அச்சம் உண்டு. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்ததை 2004-இல் கண்டார்கள்.

மருந்து நல்லதா என்பதை ஒரு பாமரர் முழுமையாகச் சோதிக்க முடியாது, ஆனால் ஓரளவு முடியும். மலேசியாவில் முறையாகப் பதிவான எந்த மருந்துக்கும் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் உறையில் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பாரம்பரிய மருந்தாகப் பதிவாகியிருப்பது அதன் தரத்துக்கும் பாதுகாப்புக்கும்தான் ஓரளவு உத்தரவாதம், அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பதற்கு அன்று. தெரிந்தவர் விற்ற புட்டியில் அந்த எண் இல்லை என்றால், வாங்கிய பணத்தைப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். சித்த, ஆயுர்வேத வைத்தியரைப் பார்ப்பதானால், 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரைப் பாருங்கள், நல்ல வைத்தியர் முதலில் கேட்பது "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

இனி அப்பா பயந்த பக்க விளைவுகளுக்கு வருகிறேன். ஈரல் பற்றிய பயம் பெரும்பாலும் பழைய காலத்தது. ஸ்டாட்டின் சிலருக்கு ஈரல் நொதிகளைச் சற்று ஏற்றும், நிறுத்தினால் இறங்கிவிடும். கடுமையான ஈரல் பாதிப்பு மிக அரிது என்பதால், அடிக்கடி ஈரல் பரிசோதனை செய்யும் கட்டாயத்தை அமெரிக்க மருந்து ஆணையம் 2012-இல் நீக்கிவிட்டது. சர்க்கரை சிறிது கூடும் என்பது உண்மை. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக இனிப்புநீர் வரும் என்பது கணக்கு. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவருக்கு, இருதயத்துக்குக் கிடைக்கும் காப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது.

தசை வலியை நான் அப்பாவின் கற்பனை என்று தள்ள மாட்டேன். பக்க விளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2020-இல் வெளியான அதன்படி, மருந்தில் தோன்றிய தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் தோன்றியது. வலி உண்மையானது, அதற்கு மருந்து காரணமாக இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான். கால் வலிக்கு இனிப்புநீரால் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பது காரணமாகலாம். தைராய்டு குறைந்திருந்தாலும் தசை வலிக்கும்; கொலஸ்ட்ராலும் அதனாலேயே ஏறும், எனவே தைராய்டு பரிசோதனை ஒன்றைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தசை நொதியான சிகேவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர் சிம்வாஸ்டாட்டினை 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது, அப்பா அந்த எல்லையிலேயே இருந்திருக்கிறார். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியைத் தொண்டை வலிக்கோ சளிக்கோ வேறொரு கிளினிக்கில் கொடுத்தால், அது முடியும்வரை சிம்வாஸ்டாட்டினை நிறுத்த வேண்டும். கிரேப்ஃப்ரூட் பழம் இந்த மருந்தைக் குடலில் உடைபட விடாமல் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். ஈப்போ தம்புனிலிருந்து வரும் பம்பளிமாஸிலும் அதே குடும்பப் பொருள்கள் உண்டு என்பதால், சீனப் புத்தாண்டுக் காலத்தில் பழம் பழமாகச் சாப்பிடும் பழக்கம் அப்பாவுக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கிளினிக்குக்குத் திரும்பப் போகும்போது, அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும், அந்தச் சிவப்பு அரிசிப் புட்டி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திட்டுவார்களோ என்ற கூச்சத்தில்தான் நம்மவர்கள் நாட்டு மருந்தை மறைக்கிறார்கள்; திட்டும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அது வருந்தத்தக்கது. ஆனாலும் சொல்லிவிடுங்கள். சிம்வாஸ்டாட்டின் ஒத்துவரவில்லை என்றால் வழி அடைபட்டுவிடவில்லை. அம்லோடிபினோடு மோதாத ரோசுவாஸ்டாட்டின் உண்டு; ஆசியர்களின் இரத்தத்தில் அது கூடுதலாகத் தங்குவதால் 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். ஸ்டாட்டினோடு எசெட்டிமைப் சேர்த்தால் இன்னும் 15 முதல் 20 விழுக்காடு குறையும், அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் தசையை அவ்வளவாகத் தொடுவதில்லை. இவையும் போதாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போடும் ஊசிகள் வந்துவிட்டன, விலைதான் தடை. மாற்றிய மருந்தை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்தபின், முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில், எல்டிஎல்லை மீண்டும் பாருங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசியில், தாத்தா 49 வயதில் மாரடைப்பில் தவறியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாதாரண வரியாகத் தெரியவில்லை. எல்டிஎல் 4.9-க்கு மேல் போகிற ஒருவரின் குடும்பத்தில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் நோயாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். உலகில் 250, 300 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஒல்லியாக இருந்தாலும் வரும், சைவமாக இருந்தாலும் வரும். அப்பாவின் குதிகால் தசைநாண் தடித்திருக்கிறதா, விரல் முட்டிகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் உண்டா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் உடன்பிறந்தவர்களும் இந்த மாதமே எல்டிஎல் எடுத்துவிடுங்கள், பட்டினி கிடக்க வேண்டிய அவசியம்கூட இப்போது பெரும்பாலும் இல்லை. அப்பாவுக்கு அந்த நோய் உறுதியானால் உங்கள் எண்ணைப் பொறுத்து உங்கள் பிள்ளைகளுக்கும் பத்து வயதை ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது. உங்களுக்கே மாத்திரை தேவைப்பட்டு, இன்னொரு குழந்தை பெறும் எண்ணமும் இருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கருத்தரிக்கும் முன்பே ஸ்டாட்டினை நிறுத்திவிடுவதுதான் வழக்கம்.